ப்ராசஸர் சொன்ன வேகத்தில் ஓடவில்லையா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேள்வி பதில்

பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை. கொழிஞ்சாம்பாறையில் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் பாதிக்கு மேல் எனக்குப் பழகிய கேள்விகள்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப், ஒன்று ஓடும், இல்லையென்றால் செத்துப்போகும். வயதாகி மெதுவாவது அதன் வழக்கமில்லை. வேகம் குறைந்திருந்தால் வேறு ஏதோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வேலந்தாவளம்: அண்ணா, 4.3 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லித்தான் இன்டெல் ஐ5-10400 ப்ராசஸர் கொடுத்தார்கள். டாஸ்க் மேனேஜரில் 2.90 என்று போட்டிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. நீங்கள் பார்த்தது பேஸ் ஸ்பீட், அதாவது அடிப்படை வேகம் என்ற வரி. அது எப்போதும் 2.90 என்றே இருக்கும். அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏறி இறங்கும் எண்தான் இப்போதைய வேகம். 4.3 என்பது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளில், அதாவது கோர்களில், ஒன்றே ஒன்று உழைக்கும்போது எட்டக்கூடிய உச்சம். ஆறு கோரும் சேர்ந்து உழைத்தால் 4.0 வரை போகும். 65 வாட் மின்சார வரம்பைக் கறாராகப் பிடிக்கும் மதர்போர்டு என்றால், அரை நிமிடத்துக்குப் பிறகு அதற்கும் கீழே இறங்கும். கம்பெனி உத்தரவாதம் தருவது 2.9க்குத்தான். விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தானே போடுவார்கள்.

சித்தூர், அரிசி மில்: பழைய கோர் 2 டுவோ இ8400 ப்ராசஸர். 3 கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது, ப்ராசஸர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 2 என்றே நிற்கிறது.

சும்மா இருக்கும்போது பார்த்திருக்கிறீர்கள் சார். அந்த ப்ராசஸரின் அடிப்படைத் துடிப்பு 333 மெகாஹெர்ட்ஸ்; அதை 6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2000, 9ஆல் பெருக்கினால் 3000. வேலை இல்லாதபோது கரண்டை மிச்சம் பிடிக்க அது 6க்கு இறங்கிக்கொள்ளும். ஒரு பெரிய ஃபைலை ஜிப் பண்ணவிட்டுப் பாருங்கள், ஏறிவிடும்.

கோபாலபுரம், கயிறு ஃபேக்டரி ஆபீஸ்: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் கணக்கு எழுதும் டாலி திறக்கவே நேரம் ஆகிறது. ப்ராசஸர் 3.6 உள்ளது, அப்போது பார்த்தால் 1.2 காட்டுகிறது. மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். நேரம் பார்த்து மெதுவானாலே முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, போட்டுப் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டி வந்ததும் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்து போகாமல் இருக்க அதுதான் வழி. மென்பொருள் எதுவும் இல்லாமலே ஒரு சோதனை இருக்கிறது. மதியம் மெதுவானதும் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக வையுங்கள். வேகம் திரும்பினால் காரணம் சூடுதான்.

தேங்காய் நார்த் தூள் இருக்கிறதே, அது சாதாரணத் தூசு மாதிரி உதிராது. ஃபேனுக்கும், ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளம் மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும், சுற்றவும் சுற்றும், காற்று மட்டும் உள்ளே போகாது. அதனால் ஃபேனைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள். ப்ளோவர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும். ஹீட்சிங்க்கையும் எடுத்தீர்கள் என்றால் அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு போதும். ஆனியில் கணவாய்க் காற்று ஆரம்பித்ததும் இன்னொரு முறை திறந்து பாருங்கள். அப்புறம், கேபினெட்டை மேசைக்கு அடியில் கதவு போட்ட அறைக்குள் அடைத்து வைத்திருந்தால், முதலில் அதை வெளியே எடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அது அடுப்புக்குள் வைத்த கணக்கு.

மூணாறு: எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் 95 டிகிரி காட்டுகிறது. எப்படி?

நல்ல கேள்வி. அறை 15 டிகிரி குளிர்ந்தால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே 15தான் இறங்கும். அந்தக் குளிரிலும் 95 என்றால், பெரும்பாலும் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஹீட்சிங்க்கும் ஃபேனும் சேர்ந்த இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று கழன்றிருக்கும், கையால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கூலர் புதிதாக மாட்டியது என்றால், அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், கடைக்கு அப்படியும் வருகிறது.

வாளையார்: சார்ஜர் மாற்றியதிலிருந்து லேப்டாப் 0.79 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது அண்ணா. விண்டோஸ் மாற்றியும் அப்படியேதான்.

விண்டோஸ் மேல் தப்பில்லை. சில கம்பெனி லேப்டாப்கள், சார்ஜர் எத்தனை வாட் என்று அதன் நடு ஊசி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பதில் வராவிட்டால், பயந்து ப்ராசஸரை அடிமட்டத்தில் கட்டிப்போடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். வேகம் ஏறினால் சார்ஜரோ, ஊசி வளைந்த சாக்கெட்டோதான். ப்ராசஸர் வேகத்தை மாற்றும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் ஒரு டிக்கை எடுத்தால் சரியாகும் என்று வீடியோ போடுகிறார்கள். சரியாகும், ஆனால் அந்த டிக் சூட்டிலிருந்து காப்பாற்றும் சங்கிலியில் ஒரு கண்ணி. காரணம் தெரியாமல் எடுக்காதீர்கள்.

மீனாட்சிபுரம்: சாயங்காலம் லோ வோல்டேஜ். அதனால் ப்ராசஸர் மெதுவாகுமா? ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

ஆகாது அக்கா. உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், வெளி வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் 12 வோல்ட்டைத்தான் கொடுக்கும். அந்தப் பெட்டி தாங்க முடியாத அளவுக்கு வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் அணைந்துபோகும், மெதுவாகாது. காசு இருந்தால் யூபிஎஸ் வாங்குங்கள்.

நெம்மாறை: பவர் செட்டிங்கில் அதிகபட்ச ப்ராசஸர் அளவு 99 சதவீதம் என்று இருக்கிறது. ஒரு சதவீதம்தானே?

100 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் 99 வைத்தால் டர்போ, அதாவது பேஸ் ஸ்பீடுக்கு மேல் ஏறும் வேகம், மொத்தமாக நின்றுவிடும்.

கஞ்சிக்கோடு: வேகம் 4.0 காட்டுகிறது, சூடு 60 டிகிரிதான். ஆனாலும் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது.

அப்படியென்றால் ப்ராசஸரை விட்டுவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் எஸ்எஸ்டி போட்டதும் ஆளே மாறிவிடும். அதற்கு முன், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளை ஓட்டுங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால், வேறு எதையும் செய்யாமல் முதலில் டேட்டாவை பென் டிரைவுக்கு எடுத்து வையுங்கள்.