பச்சை லைட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? – நெட்வொர்க் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஒரே விஷயத்தைத்தான் சுத்தி வருது, லிங்க் செத்துப்போச்சுன்னு சுவிட்ச் எப்படி தெரிஞ்சுக்கும், அதுக்கு என்ன செட் பண்ணணும்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த தடவைக்கு தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ரெண்டு சுவிட்ச், நடுவுல ரெண்டு ஃபைபர் லிங்க், அதுல ஒண்ணை ஸ்பேனிங் ட்ரீ (லூப், அதாவது டிராஃபிக் வட்டமா சுத்தறது, வராம பாத்துக்கற புரோட்டோகால்) ப்ளாக் பண்ணி வெச்சிருக்கும். போன வாரம் திடீர்னு மொத்த நெட்வொர்க்கும் படுத்துடுச்சு, எல்லா போர்ட்லயும் லைட் வெறி பிடிச்ச மாதிரி மின்னுது, ஆனா ஒரு லிங்க் கூட டவுன் ஆகல. கடைசில பாத்தா நடுவுல இருந்த மீடியா கன்வர்ட்டர் (காப்பரை ஃபைபரா மாத்தற பெட்டி) ஒரு பக்கம் மட்டும் சிக்னலே அனுப்பாம இருந்திருக்கு. லிங்க் டவுன் ஆகாம எப்படி சார் இவ்வளவு பெரிய வில்லங்கம் வரும்?

பதில்: லிங்க் டவுன் ஆகாததுனாலதான் வந்துச்சு. ஆகியிருந்தா ஸ்பேனிங் ட்ரீ அந்த லிங்க்கை விட்டுட்டு இன்னொண்ணுலயே ஓட்டியிருக்கும், நீங்களும் நிம்மதியா இருந்திருப்பீங்க.

ஃபைபர்ல போக ஒரு இழை, வர ஒரு இழை. ஆட்டோ நெகோஷியேஷன் (ரெண்டு முனையும் பேசி ஒத்துக்கிட்டு லிங்க்கை எழுப்பற முறை) ஆஃப்ல இருந்தா, போர்ட்ல லைட் எரிய வர்ற இழைல சிக்னல் இருந்தா போதும், நாம அனுப்புறது எதிர்ப்பக்கம் போய் சேருதான்னு அந்த லைட்டுக்குத் தெரியாது. உங்க கேஸ்ல கன்வர்ட்டர் வேற நடுவுல உக்காந்திருக்கு, அது பாட்டுக்கு சுவிட்ச் பக்கம் காப்பர் லிங்க்கை உயிரோட வெச்சிருக்கும், ஃபைபர் பக்கம் என்ன ஆச்சுன்னு சுவிட்சுக்கு சொல்லவே சொல்லாது.

இப்ப ப்ளாக் ஆகி இருக்கற போர்ட்டைப் பாருங்க. அது ஏன் ப்ளாக்ல இருக்கு? எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஸ்பேனிங் ட்ரீயோட பி.பி.டி.யு.ங்கற தகவல் பாக்கெட் ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கறதாலதான். அந்த வழி மட்டும் செத்துப்போச்சுன்னா பி.பி.டி.யு. வராது, பழைய ஸ்பேனிங் ட்ரீன்னா 20 செகண்ட் காத்திருந்து, அப்புறம் 15, அப்புறம் இன்னொரு 15, மொத்தம் 50 செகண்ட்ல "எதிர்ல யாரும் இல்ல போல"ன்னு போர்ட்டைத் திறந்துடும். இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போற இழை நல்லாத்தான் இருக்கு, அதனால டிராஃபிக் அது வழியா ஓடும், லூப் ஆயிடும். ஈதர்நெட் ஃபிரேம்ல ஐ.பி. பாக்கெட்ல இருக்கற மாதிரி ஆயுசு கணக்கு எதுவும் கிடையாது, ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போற ஃபிரேம்) உள்ள மாட்டுனா யாராவது கேபிளைப் புடுங்கற வரைக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். நீங்க பாத்த மின்னல் அதுதான்.

இதுக்காகவே சிஸ்கோ கொண்டு வந்ததுதான் யு.டி.எல்.டி. (யூனிடைரெக்‌ஷனல் லிங்க் டிடெக்‌ஷன், ஒருவழி லிங்க்கைக் கண்டுபிடிக்கறது), 2008ல ஆர்.எஃப்.சி. 5171ங்கற இன்டர்நெட் ஆவணமா வெளியவும் வந்துச்சு. போன்ல "நான் பேசறது கேக்குதா"ன்னு கேட்டு எதிராளி "கேக்குது, நீங்கதானே"ன்னு பேர் சொல்லி பதில் சொல்றாரான்னு பாக்கற வேலைதான் இது. ஒவ்வொரு சுவிட்சும் தன்னோட ஐடி, போர்ட் ஐடி, கூடவே தனக்கு யாரோடது கேட்டுச்சுங்கற லிஸ்ட், இதெல்லாத்தையும் சேர்த்து அனுப்பும். எதிராளி அனுப்புன லிஸ்ட்ல என் பேர் இல்லன்னா என் குரல் அங்க போகலன்னு அர்த்தம். இழையை மாத்தி சொருகி வெச்சிருந்தாலும் இதுல மாட்டிக்கும்.

கேள்வி: யு.டி.எல்.டி.யை நார்மல் மோட்ல போடணுமா, அக்ரெசிவ் மோட்லயா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. கமாண்டும் கொஞ்சம் சொல்லுங்க.

பதில்: ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே இடத்துலதான். எதிராளி லிஸ்ட்ல நம்ம பேர் இல்லன்னு தெளிவா தெரிஞ்சா ரெண்டு மோடுமே போர்ட்டை எர்ர்-டிசேபிள்ல (கோளாறுன்னு சுவிட்சே போர்ட்டை மூடி வெக்கற நிலை) தள்ளிடும். எதிராளிகிட்டேர்ந்து பேச்சே வராம நின்னுபோனாத்தான் குணம் மாறுது, நார்மல் "எனக்குத் தெரியல"ன்னு குறிச்சு வெச்சுட்டு போர்ட்டை அப்படியே விட்டுடும், அக்ரெசிவ் செகண்டுக்கு ஒண்ணா எட்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு பதில் இல்லன்னா மூடிடும். முன்னாடி ஒரு தடவையாவது எதிராளியோட ஒழுங்கா பேசியிருந்தாத்தான் அக்ரெசிவும் மூடும், யு.டி.எல்.டி.யே தெரியாத பெட்டி எதிர்ல இருந்தா சும்மா இருந்துடும், அதனால போட்ட உடனே எல்லாம் மூடிக்கும்னு பயப்பட வேணாம்.

என் அபிப்ராயம், சுவிட்சுக்கு சுவிட்ச் நேரடி ஃபைபர், அதுவும் ரெண்டாவது பாதை ஒண்ணு ரெடியா இருக்குன்னா அக்ரெசிவ் போடுங்க. ஒரே ஒரு லிங்க்கை நம்பி ஒரு முழு பில்டிங் இருக்குன்னா நார்மலோட நிறுத்திக்கங்க. இருக்கற ஒரே வழியையும் மூடிட்டா யாருக்கு என்ன லாபம்?

சிஸ்கோவுல கான்ஃபிக் மோட் போய் "யுடிஎல்டி எனேபிள்"னு அடிச்சா ஃபைபர் போர்ட்டுக்கு மட்டும்தான் ஆன் ஆகும். இது நிறைய பேருக்குத் தெரியாது. காப்பர் போர்ட்டுக்கு இன்டர்ஃபேஸ் உள்ள போய் தனியா "யுடிஎல்டி போர்ட்", இல்லன்னா "யுடிஎல்டி போர்ட் அக்ரெசிவ்"னு அடிக்கணும், உங்க கன்வர்ட்டர் கேஸ்ல சுவிட்ச் போர்ட் காப்பர்தான்னா குளோபல் கமாண்டை மட்டும் போட்டுட்டு பாதுகாப்பா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. ரெண்டு முனையிலயும் போடணும். போட்டப்பறம் "ஷோ யுடிஎல்டி நெய்பர்ஸ்" அடிச்சு பைடைரெக்‌ஷனல் (ரெண்டு திசையும் ஓகே)னு வருதான்னு பாத்துட்டுத்தான் எழுந்திரிக்கணும்.

இப்ப டைமர். வழக்கமா 15 செகண்டுக்கு ஒரு மெசேஜ், மூணு மெசேஜ் தவறுனா 45 செகண்ட், அக்ரெசிவோட எட்டு செகண்டையும் சேர்த்தா 53. ஸ்பேனிங் ட்ரீ 50லயே திறந்துடும்னு மேல சொன்னேன். "யுடிஎல்டி மெசேஜ் டைம் 7"னு குறைச்சா 21 கூட்டல் 8, 29ல வேலை முடிஞ்சுடும். சில மாடல்ல 7க்குக் கீழ இறங்காது, சிலதுல 1 வரைக்கும் போகும். ராப்பிட் ஸ்பேனிங் ட்ரீ (அதோட புது, வேகமான வெர்ஷன்) ஓடுதுன்னா பி.பி.டி.யு. மூணு தவறுன உடனே, அதாவது 6 செகண்ட்லயே பழைய தகவலைத் தூக்கிப் போட்டுடும், அங்க யு.டி.எல்.டி. மட்டும் முந்திக்கும்னு எதிர்பாக்காதீங்க.

கேள்வி: பக்கத்து பில்டிங்ல கரண்ட் போயி அங்க இருக்கற சுவிட்ச் ஆஃப் ஆச்சு. கரண்ட் வந்தப்பறமும் லிங்க் வரவே இல்ல, இந்தப் பக்கம் போர்ட் எர்ர்-டிசேபிள்ல நிக்குது, யாரோ வந்து ஷட், நோ ஷட் (போர்ட்டை மூடித் திறக்கற கமாண்ட்) அடிச்சாத்தான் வந்துச்சு. யு.டி.எல்.டி. அக்ரெசிவ்ல இருக்கு, நடுவுல மீடியா கன்வர்ட்டர் இருக்கு. இது பக் (சாஃப்ட்வேர் கோளாறு) தானா?

பதில்: பக் இல்ல, நீங்க சொன்னதை அது அப்படியே செஞ்சிருக்கு. நேரடி கேபிளா இருந்தா எதிர்ல கரண்ட் போன உடனே இங்க லிங்க் டவுன் ஆகும், யு.டி.எல்.டி. பழைய கணக்கை அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கும், ஒரு பிரச்சனையும் இல்ல. உங்க இடத்துல கன்வர்ட்டர் இந்தப் பக்கம் போர்ட்டை அப்லயே பிடிச்சு வெச்சிருக்கு, லிங்க் இருக்கு ஆனா பேச்சு இல்ல, அக்ரெசிவ் கண்ணுக்கு அது செத்த லிங்க், எட்டு தடவை கூப்பிட்டுச்சு, மூடிடுச்சு.

முதல் வேலை, கன்வர்ட்டர்ல லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூன்னு ஒரு வசதி இருக்கும், பெரும்பாலும் ஒரு குட்டி டிப் சுவிட்ச்தான், ரெண்டு கன்வர்ட்டர்லயும் அதை ஆன் பண்ணுங்க. ஒரு பக்கம் அறுந்தா இன்னொரு பக்கத்தையும் அது டவுன் பண்ணி விடும். சொல்லப்போனா இது ஒண்ணு ஒழுங்கா வேலை செஞ்சா பாதி தலைவலி அங்கயே தீந்துடும். ரெண்டாவது, "எர்ர்டிசேபிள் ரெக்கவரி காஸ் யுடிஎல்டி". 300 செகண்டுக்கு ஒரு தடவை அதுவா எழுப்பிப் பாக்கும், நேரத்தை மாத்திக்கலாம். ஆனா லூப் வர வாய்ப்பு இருக்கற ரெண்டு லிங்க் இடத்துல தானா எழுப்பறது எனக்குப் பிடிக்காது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கெட்ட லிங்க்கைத் திறந்து பாக்கறதுக்கு ஆள் வந்து பாத்துட்டு திறக்கறது மேல். ஒரே லிங்க் இருக்கற தூரத்து பில்டிங்குன்னா தாராளமா போடுங்க.

கேள்வி: ஒரு பக்கம் சிஸ்கோ, இன்னொரு பக்கம் வேற கம்பெனி சுவிட்ச். அதுலயும் யு.டி.எல்.டி.ன்னு மெனுல இருக்கு, ஆனா ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது.

பதில்: பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுன்னு நெனச்சுடக் கூடாது. எச்.பி. புரோகர்வ் வரிசையில "லிங்க்-கீப்அலைவ்"னு வர்றது அவங்களோட சொந்த முறை. அருபா சி.எக்ஸ்.ல ஆர்.எஃப்.சி. 5171 மோட்னே தனியா ஒண்ணு இருக்கு, அதை செலக்ட் பண்ணணும். ஹுவாவே, எச்3சி பக்கம் இதே வேலைக்கு டி.எல்.டி.பி.ன்னு வேற புரோட்டோகால், வழக்கமா அஞ்சு செகண்டுக்கு ஒண்ணு அனுப்பும், சிஸ்கோவுக்கு அது புரியாது.

கலப்பு கம்பெனி இடத்துல நான் எல்.ஏ.சி.பி. (பல கேபிளை ஒரே குரூப்பா, ஒரே லிங்க்கா கட்டற புரோட்டோகால்) பக்கம்தான் சாய்வேன். அது ஐ.இ.இ.இ. ஸ்டாண்டர்ட், 2000லேர்ந்து இருக்கு, ஓரளவு மேனேஜ்டு சுவிட்ச்னா கண்டிப்பா இருக்கும். அதுவும் "உன்னைப் பத்தி எனக்குக் கேட்டது இது"ன்னு திருப்பி சொல்ற ரகம்தான், ஒருவழி லிங்க் ஆனா குரூப்லேர்ந்து கழட்டி விட்டுடும். ஒரே ஒரு கேபிளை வெச்சும் குரூப் போடலாம், யாரும் தடுக்கப்போறதில்ல. ஆனா ஸ்லோ ரேட்ல 30 செகண்டுக்கு ஒண்ணு, செத்துச்சுன்னு முடிவு பண்ண 90 செகண்ட். ஃபாஸ்ட் போட்டா 1 செகண்ட், 3 செகண்ட்ல முடிவு. இங்க ஒரு நுணுக்கம், என் பக்கம் ஃபாஸ்ட்னு போட்டா அது "நீ எனக்கு வேகமா அனுப்பு"ன்னு எதிராளிகிட்ட கேக்கறது, நான் வேகமா அனுப்பறது இல்ல. அதனால ரெண்டு பக்கமும் போட்டாத்தான் ரெண்டு திசையும் சீக்கிரம் பிடிபடும். இன்னொண்ணு, எல்.ஏ.சி.பி. பாக்கெட் நடுவுல இருக்கற சாதா சுவிட்சைத் தாண்டாது, நேரடி லிங்க்கா இருக்கணும்.

கேள்வி: எங்க லிங்க் எல்லாம் 10 ஜிக்கு (செகண்டுக்கு 10 ஜிகாபிட் வேகம்) மாறிடுச்சு. இன்னும் யு.டி.எல்.டி. வேணுமா?

பதில்: தேவை குறைஞ்சிருக்கு, அது உண்மை. 10 ஜில ரிமோட் ஃபால்ட் சிக்னல் ஹார்டுவேர்லயே இருக்கு, எனக்கு வரலன்னா உடனே எதிராளிக்கு சொல்லிடும், ரெண்டு பக்கமும் டவுன் ஆயிடும், செகண்ட் கணக்கே இல்ல. 1 ஜி ஃபைபர்லயும் ஆட்டோ நெகோஷியேஷன் ஆன்ல இருந்தா ஒரு இழை அறுந்தாலே ரெண்டு பக்கமும் இறங்கிடும், யாரோ எப்பவோ ஏதோ காரணத்துக்கு "ஸ்பீட் நோநெகோஷியேட்"னு அதை ஆஃப் பண்ற கமாண்டைப் போட்டு வெச்சிருந்தா அந்தப் பாதுகாப்பு போச்சு, அதை முதல்ல தேடிப் பாருங்க. இழை மாத்தி சொருகறது, நடுவுல வேற கருவி இருக்கறது, சுவிட்ச் உள்ளயே கோளாறாகி லிங்க் இருந்தும் ஃபிரேம் போகாம இருக்கறது, இதெல்லாம் ஹார்டுவேர் சிக்னலுக்குத் தெரியாது. அதுக்காக நார்மல் மோட்ல விட்டு வெக்கலாம், செலவு ஒண்ணும் இல்ல.

கேள்வி: ஸ்பேனிங் ட்ரீல லூப் கார்டுன்னு ஒரு பாதுகாப்பு வசதி போட்டிருக்கோம், யு.டி.எல்.டி. இல்லாம அது போதாதா?

பதில்: பாதி போதும். பி.பி.டி.யு. வர்றது நின்னா போர்ட்டைத் திறக்காம நிறுத்தி வெக்கும், திரும்ப வந்தா தானாவே சரியாயிடும், ராப்பிட் ஸ்பேனிங் ட்ரீயோட வேகத்துக்கும் ஈடு கொடுக்கும். ஆனா லிங்க் முதல்லேர்ந்தே ஒருவழியா வந்துச்சுன்னா, அதாவது பி.பி.டி.யு. ஒரு தடவை கூட வரலன்னா, அதுக்கு ஒண்ணும் புரியாது. ஈதர்சேனல்ல (சிஸ்கோவுல கேபிள் குரூப்புக்கு இதான் பேர்) நாலு கேபிள்ல ஒண்ணு கெட்டா யு.டி.எல்.டி. அந்த ஒண்ணை மட்டும் கழட்டும், லூப் கார்டு மொத்த சேனலையும் நிறுத்திடும். ரெண்டையும் சேர்த்தே போடுங்க.

கேள்வி: ரவுட்டிங் ஓடற லிங்க்குக்கு பி.எஃப்.டி. (லிங்க் உயிரோட இருக்கான்னு வேகமா பாக்கற புரோட்டோகால்) 50 மில்லிசெகண்ட் போடலாமா?

பதில்: 50 மடங்கு 3, 150 மில்லிசெகண்ட்ல கண்டுபிடிச்சுடும், கேக்க நல்லாத்தான் இருக்கு. பி.எஃப்.டி.யை ஹார்டுவேர்லயே ஓட்டற சுவிட்ச்னா போடுங்க. சி.பி.யு.ல ஓடுதுன்னா யாராவது பெரிய ஷோ கமாண்ட் அடிச்சாலே மூணு பாக்கெட் தவறிப்போயி நல்ல லிங்க்கை செத்துச்சுன்னு சொல்லிடும், 300 மடங்கு 3ல ஆரம்பிங்க.

கேள்வி: எல்லாம் செட் பண்ணியாச்சு. வேலை செய்யுதான்னு எப்படி டெஸ்ட் பண்றது? ஒரு இழையைக் கழட்டுனா லிங்க்கே டவுன் ஆயிடுது, யு.டி.எல்.டி. லாக்ல ஒண்ணும் வரல.

பதில்: ஆட்டோ நெகோஷியேஷன் முந்திக்குது, அது நல்ல செய்திதான். யு.டி.எல்.டி.யைத் தனியா பாக்கணும்னா ரெண்டு சிஸ்கோ சுவிட்ச் நடுவுல ஒரு மலிவான அன்மேனேஜ்டு (செட்டிங் எதுவும் மாத்த முடியாத) சுவிட்சை வைங்க. காப்பர் போர்ட்தான், அதனால ரெண்டு பக்கமும் "யுடிஎல்டி போர்ட் அக்ரெசிவ்" தனியா அடிங்க. யு.டி.எல்.டி. ஃபிரேமை அந்த சுவிட்ச் சாதா மல்டிகாஸ்ட் (பலருக்குப் போற ஃபிரேம்)னு நெனச்சு அந்தப் பக்கம் தள்ளி விட்டுடும். நெய்பர்ஸ்ல பைடைரெக்‌ஷனல்னு வந்தப்பறம் தூரத்து சுவிட்ச் கேபிளை நடு சுவிட்ச்லேர்ந்து புடுங்குங்க. இந்தப் பக்கம் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், மெசேஜ் டைம் 7ன்னா அரை நிமிஷத்துக்குள்ள கன்சோல்ல "அக்ரெசிவ் மோட் ஃபெயிலியர் டிடெக்டட்"னு ஒரு வரி, அடுத்து எர்ர்-டிசேபிள்னு ஒரு வரி வரும், பச்சை லைட்டும் போயிடும். நார்மல் மோட்ல இதையே செஞ்சா போர்ட் மூடாது, அதையும் ஒரு தடவை பாத்து வெச்சுக்கங்க. ஓடிட்டு இருக்கற நெட்வொர்க்ல இதை செய்யாதீங்க, மேஜை மேல ரெண்டு பழைய சுவிட்சை வெச்சு செய்ங்க, கன்சோல் கேபிள் சொருகியே இருக்கட்டும், ஏன்னா நீங்க டெல்நெட்ல வர்ற அதே போர்ட்டை அது மூடிடுச்சுன்னா அப்புறம் உள்ள போக வேற வழி இருக்காது.