உயில் எழுத சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர் எதற்கு? நாமே எழுதிக்கொண்டால் செல்லாதா?

செல்லும். நான் இங்கிலாந்தில் உயில், டிரஸ்ட் (ஒருவருக்காகச் சொத்தை வேறு சிலர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு), இறந்தவர்களின் சொத்து நிர்வாகம் பார்க்கும் சொலிசிட்டர். இங்கே 1837-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது எழுத்து, கையெழுத்து, கையெழுத்திடும்போது சேர்ந்து உடனிருக்கும் இரண்டு சாட்சிகள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த உயில்மேல் கேள்வி எழும்போது பதில் சொல்ல எழுதியவர் உயிரோடு இருக்கமாட்டார். அந்தப் பதிலை இப்போதே சேகரித்து வைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

அதனால் வயதானவர்களைத் தனியாகத்தான் சந்திப்பேன். மகளோ மகனோ அன்போடு அழைத்து வந்திருப்பார்கள். அவர்களை வெளியே உட்காரச் சொன்னால் முகம் வாடும். ஆனாலும் விடமாட்டேன். "அம்மாவை வற்புறுத்தி எழுதி வாங்கிவிட்டாய்" என்று நாளை உடன்பிறந்தவர்கள் சொன்னால், அந்தப் பிள்ளைக்கும் அதுவே காப்பு. உயில் என்ன செய்யும், தன்னிடம் என்ன இருக்கிறது, யாரையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது உயில் எழுதுபவருக்குப் புரிகிறதா? இதைச் சோதிக்க, 1870-இல் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கின் அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. ஒரு பிள்ளையை விலக்கினால் காரணத்தை அவர் வாய்ச்சொல்லிலேயே குறித்துக்கொள்வேன். தள்ளாத வயது, கடும் நோய் என்றால் மருத்துவரின் கருத்தையும் கேட்பேன்.

தாங்களே எழுதுபவர்கள் அடிக்கடி இடறுவது சாட்சியில். பங்கு பெறப்போகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும். அவருடைய பங்கு போய்விடும்.

இறப்புக்குப் பின் வருவது வரி. பொதுவாக, விட்டுச்செல்லும் சொத்தின் மதிப்பில் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவீதம். கணவனுக்கோ மனைவிக்கோ போகும் சொத்துக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. புரோபேட் (உயில்படி சொத்தை நிர்வகிக்கச் சட்டப்படி தரப்படும் அனுமதி) கிடைக்கும் முன்பே வரி கட்ட வேண்டும், ஆனால் புரோபேட் இல்லாமல் பெரிய தொகையை வங்கி விடாது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் இங்கே தவித்துப்போகும். இறந்தவர் கணக்கிலிருந்து நேரே வரித்துறைக்கு அனுப்பச் சொல்லி வங்கியைக் கேட்கலாம், வீட்டுக்குரிய வரியைப் பத்து ஆண்டுத் தவணைகளில் கட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடன் தீருமுன் பங்கு பிரித்தால், உயிலைச் செயல்படுத்தும் பொறுப்பேற்ற நிறைவேற்றுநர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டவும் நேரலாம்.

இருப்பதெல்லாம் துணைக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்றால் நீங்களே கவனமாக எழுதிவிடலாம். மறுமணக் குடும்பம், வெளிநாட்டுச் சொத்து, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்தல் என்றால் கட்டாயம் சொலிசிட்டரிடம் போங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தாலும் அப்படியே: பெருந்தொகையை நேரடியாக எழுதிவைத்தால் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தரப்படும் அரசு உதவி நின்றுவிடக்கூடும். அந்தப் பணத்தை டிரஸ்டில் வைத்து, தேவை பார்த்துச் செலவிட நம்பகமான இருவரை நியமிக்கலாம்.