குறைந்த செலவில் வெளிநாடு சுற்றும்போது உள்ளூர் மக்களோடு பழகுவது எப்படி?

தோளில் பையோடு பல நாடுகள் சுற்றியும், விடுதியில் சந்தித்த பிற பயணிகளைத் தவிர உள்ளூர்க்காரர் ஒருவரோடும் நின்று பேச வாய்க்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். நீங்கள் பெருநகரத்தில் கணினி வேலை பார்ப்பவர் என்றும், கிடைக்கும் சொற்ப விடுப்பில் நாளுக்கு ஓர் ஊராக ஓடுபவர் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், வேலை குறையும் அந்த வாரங்களில்தான் பயணம் போகிறேன். உலகம் முழுவதும் சுற்றியவர்கள் பதில் சொல்லும் இடத்தில் உனக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். பார்த்த நாடுகள் எனக்குக் குறைவுதான். ஆனால் பயணிகள் எல்லாரும் தேடிக்கொண்டு வருகிற ‘உள்ளூர் மக்கள்’ என்கிற கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். யாரிடம் எங்கள் வாய் திறக்கும், யாரைக் கண்டால் மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் கடற்பாசிகளைப் பிய்த்தெடுத்து வருகிறார்கள். உடல் நடுங்க, தலையில் பாரத்தோடு கரையேறும் அந்த நேரத்தில்தான் கேமராக்கள் அவர்கள் முகத்துக்கு எதிரே நீள்கின்றன, “இந்த வேலை கஷ்டமாக இல்லையா?” என்ற கேள்வியும் வருகிறது. அதற்கு என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதே பெண்கள் பிற்பகலில் வீட்டு வாசலில் பாசியை உலர்த்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருபவரிடம், கேட்காமலேயே தங்கள் மகளின் படிப்பு முதல் வியாபாரி எடையில் அடிக்கும் கொள்ளை வரை சொல்லித் தீர்ப்பார்கள். தனுஷ்கோடியிலும் இதே கதைதான். காரைவிட்டு இறங்கியதும் 1964 புயலைப் பற்றிக் கேட்பவருக்குக் கடைக்காரர் ஒப்பித்த இரண்டு வரிகளைச் சொல்லி அனுப்பிவிடுவார். மறுநாளும் வந்து அதே கடையில் மீன் வறுவல் கேட்பவரிடம்தான் தன் தகப்பனார் அந்த இரவில் பட்ட பாட்டைச் சொல்வார்.

ஆகவே, கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்கும் மனிதர்களைத் தேடிப் போங்கள். போன இடத்துக்கே மறுபடியும் போங்கள். வியட்நாமில் நான் இதைத்தான் செய்தேன். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியதும், ஒருமுறை நுழைவதற்கான மின்விசா 25 டாலருக்குக் கிடைப்பதும் அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். அங்கிருந்து பேருந்தில் பான் தியெட் சென்று, அதையடுத்த மூய் நே என்னும் மீனவ ஊரில் தங்கினேன். விடியும்போது பெரிய படகுகள் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, மூங்கிலால் முடைந்து பிசின் பூசிய வட்டப் பரிசல்கள் மீனைக் கரைக்குக் கொண்டுவரும். மணல்மேடு பார்க்க ஜீப்பில் போகும் பயணிகள் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கீழே இறங்கி, பான் கான் விற்கும் ஓர் அம்மாவின் அடுப்பருகில் தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்தேன். மண் குழிகளில் அரிசி மாவை ஊற்றிச் சுடும் அந்தப் பலகாரம் நம் குழிப்பணியாரத்தின் ஒன்றுவிட்ட தங்கை போலிருக்கும். தினமும் அதே இடத்தில் அதே நேரத்தில் அதையே சாப்பிட்டேன்.

அடுப்புக்கு எதிரே நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், எடை போடும் இடத்திலேயே என் கண் நிற்பதைக் கவனித்துவிட்டு, என்ன வேண்டும் என்று சைகையால் கேட்டார். பாம்பனில் மணல்மீது நெத்திலிக் கருவாடு காயும் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவ்வளவுதான், சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மொழிபெயர்ப்புச் செயலி பாதியைச் சொதப்பியது; மீதியைக் கால்குலேட்டரில் எண்களைத் தட்டிப் பேசிக்கொண்டோம். நான் சொன்ன விலையை அந்தப் பெண் கடைசிவரை நம்பவே இல்லை. அன்று பிற்பகல் தம் உறவினர் மீன் சாறு ஊறவைக்கும் கொட்டகைக்கு என்னை அழைத்துப் போனார். மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் பெரிய சாடிகளிலும் மரத்தொட்டிகளிலும் அடுக்கி, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடிக்கிறார்கள். இரண்டு வெயிலில் நாங்கள் முடித்துவிடும் மீனுக்கு அவர்கள் ஓராண்டு காத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு. பிறகு பாயில் அமர்ந்து அவர்களோடு சோறு உண்டபோது என் வயது, திருமணம், பிள்ளைகள், சம்பளம் என்று வரிசையாக விசாரித்தார்கள். இவற்றை அந்தரங்கத்தில் தலையிடும் கேள்விகள் என்று முகம் சுளிக்கும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். பழக்கம் தொடங்குவதே அங்கேதான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மீன் தெரிந்தவனுக்கு இது எளிது, எனக்குக் கணினி மட்டும்தானே தெரியும் என்பீர்கள். வியட்நாமில் நடைபாதைச் சுவரில் கண்ணாடி மாட்டி முடிவெட்டுபவர்கள் இருக்கிறார்கள், தலையைக் கொடுங்கள். செருப்பைத் தைக்கக் கொடுங்கள், சட்டைக்கு அளவு கொடுங்கள். வாடிக்கையாளராக உட்கார்ந்திருப்பவரை யாரும் சந்தேகிப்பதில்லை, அதற்கு ஆகும் செலவும் விடுதியின் மதுக்கூடச் செலவைவிட நிச்சயமாகக் குறைவு.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ராமேஸ்வரத்தில் சங்கு விற்கும் கிழவியிடம் பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடியதையும், குடிசை வீட்டில் காசு கொடுக்காமல் தங்கி உண்டதையும் சாதனைக் காணொளியாக வெளியிடுகிறார்கள். வீட்டில் இடம் கேட்பவர்களுக்குச் சட்டமும் தெரிவதில்லை. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வியட்நாமிலும் தங்கவைக்கும் வீட்டுக்காரர் உள்ளூர்க் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இவர்கள் விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், விசாரணைக்குப் பதில் சொல்வது வீட்டுக்காரர்தான். எல்லாப் பயணிகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்ட உங்களையும் சொல்லவில்லை.

ஆகவே வீட்டில் உண்ண அழைத்தால் போங்கள், படுக்க உங்கள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். பயணிகள் விடுதியை விட்டு, உள்நாட்டு வியாபாரிகளும் லாரிக்காரர்களும் தங்கும் ‘ஞா ஙி’ என்ற பலகை போட்ட சிறு தங்குமிடங்களைப் பாருங்கள். அழைத்த வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவது அங்கேயும் வழக்கம்தான். இன்னொன்று, அங்கே செய்தி அனுப்ப ஸாலோ என்ற செயலிதான் பரவலாகப் புழங்குகிறது. அதை முன்கூட்டியே கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நெத்திலி பிரித்த அந்தப் பெண் இப்போதும் அதில்தான் தம் கரை விலையை எனக்கு அனுப்புகிறார். பதிலுக்கு நான் அனுப்பும் பாம்பன் விலையை இன்னமும் நம்ப மறுக்கிறார்.