பழங்குடிகளும் கேமராவும்: கேட்டதும் சொன்னதும்

நிலமோ மொழியோ பறிபோகும் நிலையில் உள்ள பழங்குடிச் சமூகங்களைப் புகைப்படமாகவும் ஆவணப்படமாகவும் பதிவுசெய்ய விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்தத் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கிவிட்டேன்.

ஒரு புகைப்படம் ஒரு சமூகத்தைக் காப்பாற்றிவிடுமா? (இதழியல் மாணவி)

படம் மட்டும் காப்பாற்றாது. எடுத்தவர் கிளம்பிப் போகாமல் கூடவே நின்றால் ஏதாவது நடக்கும். கிளாடியா அந்துஜாரைப் பாருங்கள். 1931இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரேசிலில் குடியேறியவர். 1970களின் தொடக்கத்தில் அமேசான் காட்டில் யானோமாமி மக்களைப் படமெடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டுகளில் ராணுவ அரசு அவர்கள் நிலத்துக்குள் நெடுஞ்சாலை போட்டது. சாலையோடு தட்டம்மையும் வந்து பலரைக் கொன்றது. அதன்பின் அவருக்குக் கேமராவைவிடப் போராட்டம் பெரிதாயிற்று. 1978இல் சிலரோடு சேர்ந்து யானோமாமி நில உரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் மருத்துவர்களுடன் போய், தடுப்பூசி அட்டைக்காக ஒவ்வொருவரையும் கழுத்தில் எண் வில்லையோடு படமெடுத்தார். பெரிய அருங்காட்சியகங்களில் பின்னாளில் இடம்பிடித்தவற்றில் அந்த அட்டைப் படங்களும் அடக்கம்! யானோமாமி தலைவர் டாவி கோபெனாவாவும் அந்த அமைப்பினரும் ஆண்டுக்கணக்கில் அலைந்த பிறகே, 1992இல் ஏறத்தாழ 96,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அரசு எல்லை வகுத்தது.

கதை அங்கே முடியவில்லை. சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்கள் மீண்டும் நுழைந்தார்கள், ஆறுகளில் பாதரசம் கலந்தது. 2023 ஜனவரியில் அங்கே சுகாதார நெருக்கடி நிலையை அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே 'விழிப்புணர்வு' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு கிளம்பாதீர்கள். எந்த அதிகாரியின், எந்த நிறுவனத்தின் எந்த முடிவு மாற வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மரபு உடையை அணியச் சொல்லி, கைபேசி, பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எடுத்தால் தவறா? (திருமணப் புகைப்படக்காரர்)

தவறு என்பதைவிட, அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். எட்வர்ட் கர்ட்டிஸ் 1907 முதல் 1930 வரை வட அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி 20 தொகுதிகள் வெளியிட்டார். 1910இல் பிகன் இனத்தவரின் கூடாரத்தில் அவர் எடுத்த ஒரு படத்தில் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சுக்குப் போன படத்தில் கடிகாரம் இல்லை, அழித்துவிட்டார். கனடாவின் வடக்கில் ராபர்ட் ஃபிளாகர்ட்டி எடுத்து 1922இல் வெளியான 'நானூக் ஆஃப் த நார்த்' படத்திலும் இதே வேலைதான். துப்பாக்கி வைத்திருந்த இனுயிட் மக்களை ஈட்டியால் வேட்டையாட வைத்தார். வெளிச்சம் வேண்டுமென்று பனிவீட்டை ஒரு பக்கம் திறந்தபடி கட்டச் செய்தார்.

கடிகாரத்தை அழித்தால் பார்ப்பவர் மனத்தில் என்ன பதிகிறது? கடிகாரம் வைத்திருப்பவன் உண்மையான பழங்குடி இல்லை என்பது பதிகிறது. நாளை நிலத்தைப் பிடுங்க வருகிறவனும் "இவர்களிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, கைபேசி இருக்கிறது, எதற்குத் தனிச் சலுகை?" என்றுதான் வாதாடுவான். அழகுக்காகச் செய்த திருத்தம் அவனுக்கு ஆதாரமாகிவிடும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நடித்துக் காட்டுவதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. இனுயிட் இயக்குநர் சக்கரியாஸ் குனுக், தம் மக்களிடம் வாய்வழியாக வந்த பழங்கதையை இனுக்டிடுட் மொழியிலேயே படமாக்கினார். உடை, கருவிகள் பற்றி முதியவர்களைக் கேட்டுக் கேட்டு உருவாக்கிய படம் அது. 2001இல் கான் திரைப்பட விழாவில் தங்கக் கேமரா விருது பெற்றது. ஃபிளாகர்ட்டி படத்திலும் பழங்காலம்தான், இதிலும் பழங்காலம்தான். எதைக் காட்டுவது என்று தீர்மானித்தது யார் என்பதில்தான் வேறுபாடு.

எந்தக் கேமரா வாங்கலாம்? (நான்கு பேர்)

கையில் இருப்பதே போதும். பணம் மிச்சமிருந்தால் நல்ல மைக் வாங்குங்கள். ஐ.நா. 2022 முதல் 2032 வரையான பத்தாண்டைப் பழங்குடி மொழிகளுக்கென்று அறிவித்திருக்கிறது. ஆனால் அருமையான காட்சிகளோடு ஒரு சொல்கூடத் தெளிவாகக் கேட்காத படங்கள்தான் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பாட்டி சொல்லும் கதையின் மேல் புல்லாங்குழல் இசையைப் போடுகிறவர்களை என்ன சொல்வது!

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். போதுமா? (ஆவணப்பட இயக்குநர்)

தொலைக்காட்சி நிறுவனத்தின் வக்கீலுக்குப் போதும். 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் முக்கியமான விஷயங்களில் கேட்பது வேறு. வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, முழு விவரமும் தெரிந்து தரும் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. தங்கள் பண்பாட்டு மரபின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. ஒரு மனிதரின் முகத்துக்கு அவர் ஒப்புதல் தரலாம். ஊரே சேர்ந்து செய்யும் சடங்குக்கு அவர் ஒருவரே தர முடியாது.

இணையம் என்றால் என்னவென்றும் காட்டுங்கள். ஏற்கெனவே வெளியான ஒரு காணொளியையும் அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருக்கும் கேலிகளையும் மறைக்காமல் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு அவர்கள் சொல்லும் 'சரி'க்குத்தான் மதிப்பு. முதல் தொகுப்பை அவர்களுக்குத் திரையிட்டு, நீக்கச் சொன்னதை நீக்குங்கள். உங்கள் தயாரிப்பாளர் இதற்கு இசைய மாட்டார் என்றால், படப்பிடிப்புக்கு முன்பே அவரோடு சண்டை போட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்கலாமா? (பயண எழுத்தாளர்)

வேலைக்குக் கூலி கொடுங்கள். வழிகாட்டியவர், மொழிபெயர்த்தவர், நாள் முழுதும் உங்களுக்காகச் செலவிட்டவர் எல்லோருக்கும் முன்கூட்டியே பேசிய தொகையைக் கொடுங்கள். ஒரு படத்துக்கு ஒரு நோட்டு என்று நீட்டாதீர்கள். வண்டி வரும் சாலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்த நோட்டுதான்.

வெளியுலகத் தொடர்பே இல்லாதவர்களைத் தொலைவிலிருந்து டிரோனில் எடுக்கலாமா?

கூடாது. அந்தமானில் ஜாரவாக்கள் போன்ற பழங்குடியினரைக் காக்க 1956இலேயே ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. அப்படியும், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி 2012இல் வெளியாகி உலகமே முகம் சுளித்தது. நம்மோடு போகும் சளிக் கிருமியே அவர்களுக்கு ஆபத்து. டிரோனில் கிருமி போகாது, ஆனால் இருப்பிடம் வெளியாகிவிடும். ஒதுங்கி வாழ்பவர்கள் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் வெளியாட்களுக்கு வேலையே இல்லையா? (கொஞ்சம் கோபமாகக் கேட்டவர்)

இருக்கிறது, மையத்தில் இல்லை, அவ்வளவுதான். பெருவில் கெச்சுவா பேசும் குடும்பத்தில் பிறந்த மார்ட்டின் சாம்பி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தன் மக்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பிரேசிலில் 1980களிலேயே கயாப்போ மக்கள் வீடியோ கேமராவைக் கையிலெடுத்து, அதிகாரிகள் தந்த வாக்குறுதிகளைப் பதிவுசெய்தார்கள். அங்கேயே உரு-எவு-வாவ்-வாவ் மக்களைப் பற்றி 2022இல் வந்த ஆவணப்படத்துக்கு, கொரோனாக் காலத்தில் வெளியாட்களை உள்ளே விடாமல் அவர்களே காட்சிகளை எடுத்தார்கள். கேமரா பழக்குவது, வசன வரி போடுவது, விழாக்களில் இடம் பிடிப்பது, வக்கீலைத் தேடுவது என்று வெளியாளுக்கு வேலை நிறைய உண்டு. பெயர்தான் பெரிய எழுத்தில் வராது.

பழைய படங்கள் ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கின்றன. என்ன செய்வது? (ஓய்வுபெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்)

இணையத்தில் ஏற்றும் அவசரம் வேண்டாம். முதலில் அந்த ஊருக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடம் இறந்தவரின் படத்தைப் பார்ப்பதில் கட்டுப்பாடு உண்டு. அங்கே தொலைக்காட்சியில் முன்னெச்சரிக்கை போடுவது அதனால்தான். சில படங்களைப் பெண்கள் மட்டும், சிலவற்றை மூத்தோர் மட்டும் பார்க்கலாம் என்ற முறையும் இருக்கலாம். இதற்கென்றே ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களுடன் சேர்ந்து 'முகுர்ட்டு' என்ற இலவச மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே அதில் குறித்துவைக்கலாம்.

கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருப்பிடத் தகவலை, பொதுவில் போகும் பிரதிகளிலிருந்து நீக்கிவிடுங்கள். ஊருக்குக் கொடுக்கும் பிரதியில் எதையும் நீக்காதீர்கள். "பழங்குடிப் பெண், 1988" என்று நீங்கள் எழுதிய குறிப்புகளுக்குப் பதிலாக அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இருட்டறைக் காலத்து நெகட்டிவ்கள் மீதமிருந்தால் அவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுப் போங்கள், பூஞ்சை காத்திருக்காது.