ஒரே ஒரு பொய், மீதி எல்லாம் உண்மை: அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் பற்றிக் கேள்வி பதில்

பிடித்த அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, இந்த வகையில் ஒரு கதைகூடப் படித்ததில்லை. யாரிடமிருந்து தொடங்கலாம்?

ரே பிராட்பரி. நாவல் வேண்டாம், ஒரு சிறுகதை போதும்: 1950இல் வந்த 'தேர் வில் கம் சாஃப்ட் ரெய்ன்ஸ்'. கதையில் மனிதர்களே கிடையாது, தானாக இயங்கும் ஒரு வீடு மட்டும்தான். அது நேரம் சொல்லி எழுப்புகிறது, ரொட்டி வாட்டுகிறது, முட்டை பொரிக்கிறது. சாப்பிட யாரும் வருவதில்லை. ஆறிப்போனதை அதுவே வழித்துக் கொட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவுகிறது. வெளிச்சுவர் ஒன்று முழுக்கக் கருகிக் கிடக்கிறது. வண்ணம் மிஞ்சியிருப்பது ஐந்தே இடங்களில்: புல் வெட்டும் அப்பா, பூப்பறிக்கக் குனிந்த அம்மா, கையை வீசிய பையன், பிடிக்கக் கை உயர்த்திய சிறுமி, நடுவில் கீழே வராத பந்து. ஊருக்கு என்ன ஆயிற்று என்று பிராட்பரி விளக்கிக்கொண்டு நிற்பதில்லை. அந்தச் சுவரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: அசிமோவின் மூன்று விதிகள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ரோபோக்களை விதி போட்டு அடக்கிவிட்டால் அப்புறம் கதை ஏது?

அந்த விதிகளுக்குள்தான் கதையே இருக்கிறது. முதல் விதி, மனிதருக்குத் தீங்கு நேரவிடக் கூடாது. இரண்டாவது, மனிதர் சொல்வதைக் கேட்க வேண்டும். மூன்றாவது, தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். முந்தைய விதிக்கு எப்போதும் முதலிடம். 1942இல் வந்த 'ரன்அரவுண்ட்' கதையில்தான் இவை முதன்முதலில் மூன்றாக, முழுதாக வருகின்றன.

புதன் கோளில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெயிலிலிருந்து தப்பிக்க அவர்களுக்கு செலினியம் வேண்டும். ஸ்பீடி என்ற ரோபோவைப் போய் எடுத்துவரச் சொல்கிறார்கள், ஏதோ போகிற போக்கில் சொல்கிற மாதிரி. ஸ்பீடியோ விலை உயர்ந்த இயந்திரம், அதனால் மூன்றாவது விதியை அதற்குள் கொஞ்சம் அழுத்தமாகவே பதித்திருக்கிறார்கள். செலினியம் இருக்கும் இடத்தில் ஆபத்து. நெருங்கினால் பயம் தள்ளுகிறது, விலகினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி குடித்தவனைப் போலப் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறது! எதுவும் பழுதாகவில்லை, எல்லா விதியும் சரியாகவே வேலை செய்கிறது. அதனால்தான் சிக்கல். அதை எப்படி அவிழ்க்கிறார்கள் என்பதை நீங்களே படியுங்கள், முதல் விதியை மட்டும் மறக்காதீர்கள்.

நல்ல அறிவியல் புனைகதை எழுத்தாளர் நம்மிடம் ஒரே ஒரு பொய்யை நம்பச் சொல்வார். அதற்கப்புறம் ஒரு வரிகூட ஏமாற்ற மாட்டார். நான் ஒருவரைப் பிடிக்கும் என்று சொன்னால் இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க்கின் கதாபாத்திரங்கள் மனதில் நிற்பதே இல்லையே?

ஒப்புக்கொள்கிறேன். 'ராண்டவூ வித் ராமா'வை (1973) மூன்று முறை படித்தும் பாதிப் பேரின் பெயர் எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த இடம் மறக்கவில்லை. ராமா என்பது வேற்றுலகத்திலிருந்து வரும் விண்கலம்: 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை, உள்ளே வெற்றிடம். அது சுழல்வதால் உட்சுவரெங்கும் நிற்கலாம், நடக்கலாம். அப்படியானால் உள்ளே இருக்கும் கடலும் வளையமாகச் சுற்றித்தானே இருக்க வேண்டும்? இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே கடல். சூரியனை நெருங்கும்போது வெப்பம் வெளிச்சுவர் வழியாக வருவதால், உறைந்த அந்தக் கடல் அடியிலிருந்து உருகுகிறது. ஒரு பொய்யிலிருந்து ஒவ்வொன்றாக எப்படி வந்து விழுகிறது பாருங்கள். கிளார்க்கிடம் கதாநாயகன் இடம்தான்.

கேள்வி: செயற்கைக்கோளைக் கிளார்க் கதையிலேயே கணித்துவிட்டார் என்கிறார்களே?

கதையில் இல்லை, கட்டுரையில். 1945இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதினார்: சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று. கணிப்பு பலித்ததா என்று பார்த்து ஒரு எழுத்தாளரை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பெண்கள் இதில் குறைவோ?

'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது, மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கியபோது வயது 18. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் வந்த கதைகளைப் படித்து, இது ஆண் எழுத்துதான் என்று அடித்துச் சொன்னார் சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பர்க். அந்த டிப்ட்ரீ, ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி. அடுத்து ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: லியு சிஷினின் 'த்ரீ பாடி பிராப்ளம்' தொடக்கத்திலேயே நின்றுவிட்டேன். சீனாவின் கலாச்சாரப் புரட்சி, கூட்டம், அடி உதை... விண்வெளி எங்கே?

ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதி முன்னால் வருகிறது, சீனப் பதிப்பில் அது நடுவில் இருந்தது. தாண்டாதீர்கள். தன் கண்ணெதிரே அப்பாவை அடித்துக் கொன்றதைப் பார்த்த பெண்தான் பிறகு விண்வெளியிலிருந்து வரும் ஒரு செய்திக்குப் பதில் அனுப்புகிறாள்.

கேள்வி: தமிழில்?

சுஜாதாதான் முதலில். 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ ஓர் இயந்திர நாய்க்குட்டி. முதலில் பொம்மை மாதிரி வந்து, புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, கதையையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிறகு ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு, முற்றிலும் வேறு திசை.

கேள்வி: எல்லாரிலும் ஒரே ஒருவரைச் சொல்லுங்கள் என்றால்?

உர்சுலா கே. லெ குவின். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969). அந்தக் கோளில் யாரும் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அதுதான் அவருடைய ஒரே பொய். பூமியிலிருந்து போன தூதன் கென்லியும் அந்தக் கோளைச் சேர்ந்த எஸ்ட்ராவனும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாலையைக் கடக்கிறார்கள். வாரக்கணக்கில் ஒரே கூடாரம், அளந்து சாப்பாடு. வழியில் கென்லி அவருக்கு மனதால் பேசக் கற்றுக்கொடுக்கிறான். மனப்பேச்சில் பொய் சொல்ல முடியாது. பல இரவுகள் முயன்று, கடைசியில் ஒரு இரவு எஸ்ட்ராவனுக்குக் கேட்டுவிடுகிறது. ஆனால் கேட்ட குரல் கென்லியுடையது இல்லை, எப்போதோ இறந்துபோன தன் சகோதரனின் குரல்.