136-ஆம் தொகுதியின் நாற்காலி யாருடையது?

கேள்வி: தேர்தலில் வென்ற கறுப்பின இளைஞர் ஜூலியன் பாண்டை 1966-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் உள்ளே விட மறுத்ததை, வாக்காளர்களுக்குச் செய்த துரோகம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நாடு வியட்நாம் போரில் இருக்கும்போது அந்தப் போரை எதிர்த்துப் பேசியவரை ஒரு சபை ஏற்காவிட்டால் என்ன தவறு? தன் உறுப்பினர் யார் என்று முடிவு செய்யச் சபைக்கு உரிமை இல்லையா? போனது ஒரு ஆளுடைய நாற்காலிதானே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'ஒரு ஆளுடைய நாற்காலி' என்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுக்க அந்தச் சொற்களின் மேல்தான் நிற்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அட்லாண்டா நகரில் இருந்த 136-ஆம் தொகுதியில் வாக்காளர்கள் 6,500 பேர். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் கறுப்பினத்தவர். 1965 ஜூன் 15 அன்று நடந்த தேர்தலில் பாண்டுக்கு விழுந்த ஓட்டு 2,320. அவரை எதிர்த்தவருக்கு 487. எதிர்த்து நின்றவரும் கறுப்பினத்தவர்தான், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பொறுப்பான பதவியில் இருந்தவர். வேறு ஆள் இல்லாமல் போட்ட ஓட்டு என்று யாரும் சொல்ல முடியாது. இருவரையும் எடை போட்டுப் பார்த்து, வீடு வீடாக ஏறி இறங்கிய 25 வயது இளைஞரை அந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலி அவர்களுடையது. பாண்ட் அதில் உட்காரப் போனவர், அவ்வளவுதான்.

அந்த ஓட்டு அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால் இவ்வளவு சுலபமாக 'போனது என்ன' என்று கேட்டிருக்க மாட்டீர்கள். ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள். பெரிய 8 கவுண்டிகளுக்குத் தலா 3 உறுப்பினர், அடுத்த 30-க்குத் தலா 2, மீதி 121-க்குத் தலா 1. கீழ்ச்சபையின் 205 இடங்களும் இப்படித்தான் பங்கு போடப்பட்டிருந்தன. 1960 கணக்கெடுப்பில் எக்கோல்ஸ் என்ற கிராமப்புறக் கவுண்டியில் இருந்தவர்கள் 1,876 பேர். அட்லாண்டா அடங்கிய ஃபுல்டன் கவுண்டியில் 5,56,326 பேர். முன்னதற்கு ஒரு உறுப்பினர், பின்னதற்கு மூன்றே மூன்று. கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல்கட்டத் தேர்தலிலும் இதே கவுண்டிக் கணக்குதான். அதில் எக்கோல்ஸ்காரர் ஒருவருக்கு இருந்த செல்வாக்கு ஃபுல்டனில் 99 பேருக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றமே கணக்குப் போட்டுக் காட்டி, 1963-ல் அந்த முறையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு பக்கத்து மாநிலமான அலபாமாவின் வழக்கு ஒன்றில், மாநிலச் சட்டமன்றத்தின் இரு சபைகளுமே மக்கள்தொகைப்படிதான் அமைய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் ஜார்ஜியாவில் தொகுதி எல்லைக் கோடுகள் மாறின. நகரத்துக் கறுப்பின மக்கள் தங்கள் தெருக்களில் இருந்தே ஒருவரை அனுப்ப முடிந்த முதல் தேர்தல்களில் ஒன்று அது.

அதே சட்டமன்றம் 1868-லும் ஒரு முறை கதவைச் சாத்தியிருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தேர்வாகி வந்த கறுப்பின உறுப்பினர்களை, கறுப்பர்களுக்கு வாக்குரிமைதான் உண்டு, பதவி வகிக்கும் உரிமை இல்லை என்று சொல்லி வெளியே தள்ளியது. 1870-ல் அவர்கள் திரும்ப வந்தார்கள். பிறகு வாக்குரிமையையே பறித்துவிட்டதால், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அந்தக் கட்டடத்தில் ஒரு கறுப்பின உறுப்பினரும் கிடையாது. 1962-ல் லெராய் ஜான்சன் மேல்சபைக்குத் தேர்வானதுதான் மறுதொடக்கம். ஆகவே 1966-ல் பாண்டின் முன்னால் கதவு சாத்தப்பட்டபோது, அந்த 6,000 பேருக்கு அது புதிய சத்தமாகக் கேட்டிருக்காது.

இனி, அவர் என்ன பேசினார் என்பதற்கு வருகிறேன். 1966 ஜனவரி 3 அன்று அலபாமாவின் டஸ்கீகியில், கடற்படையில் பணியாற்றித் திரும்பிய சாமி யங் என்ற 21 வயது மாணவர், வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கிய கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதால் ஒரு பெட்ரோல் பங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, பாண்ட் பணியாற்றிய, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு வியட்நாம் போரை எதிர்த்து அறிக்கை விட்டது. இந்தக் கொலையையும் அந்தப் போரையும் ஒரே மூச்சில் பேசிய அறிக்கை அது. ராணுவ அழைப்பை ஏற்க மனமில்லாத இளைஞர்களுக்கு ஆதரவும் தெரிவித்தது. பாண்ட் அதை எழுதவில்லை. வானொலி நிருபர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, ஆமாம், எனக்கும் அதுவே கருத்து என்றார். ராணுவ அழைப்பு அட்டையைக் கொளுத்தச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை, என்னுடையதையும் கொளுத்தவில்லை என்றும் பின்னர் தெளிவாகச் சொன்னார்.

சபை கூடுவதற்கு முன்பே அவருக்கு எதிராக 75 உறுப்பினர்கள் மனுப் போட்டுவிட்டார்கள். ஜனவரி 10 அன்று எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. மற்ற உறுப்பினர்கள் எழுந்து வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். அவர்கள் நடுவே பாண்ட் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். நான்கு நாளில் 26 வயது ஆகப்போகிறவர், கோட்டும் டையுமாக, அசையாமல். எனக்கு அந்தப் படத்தில் அவரைவிட அவரைச் சுற்றி நிற்கும் கைகள்தான் கண்ணில் படுகின்றன. அன்றே ஓட்டெடுப்பு நடந்தது. அவரை ஏற்க வேண்டாம் என்று 184 பேர், ஏற்கலாம் என்று 12 பேர்.

அந்தத் தொகுதியில் குடியிருந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். பாண்ட் தொடுத்த வழக்கில், தொகுதிவாசி என்ற முறையில் அவரும் சேர்ந்துகொண்டார். யாருக்கு அநீதி நடந்தது என்பதில் கிங்குக்குக் குழப்பம் இல்லை.

சபைக்கு உரிமை இல்லையா என்று கேட்டீர்கள். வயது, குடியிருப்பு போன்ற தகுதிகளைச் சபை சரிபார்க்கலாம். அந்தத் தகுதிகள் எல்லாம் பாண்டுக்கு இருப்பதை ஜார்ஜியா அரசே ஒப்புக்கொண்டது. மிச்சம் இருந்தது உறுதிமொழி. அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று இவர் சொன்னால் அது மனதாரச் சொன்னதாக இருக்காது என்பதுதான் அவர்கள் வாதம். சொல்லத் தயாராக நிற்பவரைச் சொல்லவிடாமல், அவர் மனசைச் சோதிக்கும் வேலையை அவருடைய எதிரிகளின் பெரும்பான்மையிடம் கொடுத்தால், எந்தச் சபையில் எந்தச் சிறுபான்மை மிஞ்சும்? மூன்று நீதிபதிகள் கொண்ட கீழ் நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் சபையின் பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் 1966 டிசம்பர் 5 அன்று ஒருமனதாக அதைத் திருப்பியது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் தன் நிலை என்ன என்று சொல்வது சட்டமன்ற உறுப்பினரின் கடமை, அப்போதுதான் வாக்காளர் அவரை எடை போட முடியும் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். போரைப் பற்றி வாய் திறந்தது குற்றம் என்கிறீர்களே, அது அவர் வேலையின் ஒரு பகுதி.

அதற்குள் அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாற்காலி காலி என்று இடைத்தேர்தல் வந்தது. மறுபடி பாண்டுக்கே போட்டார்கள். சபையின் குழு கூப்பிட்டு விசாரித்தது, சொன்னதைத் திரும்பப் பெற அவர் மறுத்தார், மறுபடி கதவைச் சாத்தினார்கள். 1966 நவம்பரில் பொதுத்தேர்தல். மூன்றாவது முறையும் அவரே. பதினேழு மாதத்தில் மூன்று முறை வரிசையில் நின்று ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

1967 ஜனவரியில் பாண்ட் உறுதிமொழி எடுத்தார். 1975 வரை கீழ்ச்சபையிலும் பிறகு 1987 வரை மேல்சபையிலும் இருந்தார். அவருக்குப் போனது அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1966-ல் நடந்த கூட்டத்தொடரில் வரிக்கும் பள்ளிக்கும் சாலைக்கும் எத்தனை ஓட்டெடுப்பு நடந்திருந்தாலும், ஒன்றில்கூட 136-ஆம் தொகுதியின் ஓட்டு இல்லை. எந்தத் தீர்ப்பும் அந்த ஓர் ஆண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போனது அதுதான்.