ஞாயித்துக்கிழமை சமைச்சு ஃப்ரீசர்ல வச்சு வாரம் பூரா ஓட்ட முடியுமா? எது தாங்கும், எது தாங்காது?

முடியும். ஆனா முழுசா சமைச்சு வைக்காதீங்க, பாதியில நிறுத்தி வைங்க. இது மண்டைல ஏற எனக்கு ரெண்டு வருஷமும் ஏகப்பட்ட சாம்பாரும் செலவாச்சு.

எங்க வீட்டு நிலவரம் இதுதான். வீட்டுக்காரம்மா நர்ஸ், ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான் வீட்ல உக்காந்து லேப்டாப் தட்டற ஆளு. பசங்க ரெண்டு பேரு, ஒண்ணு ஆறாவது, ஒண்ணு ரெண்டாவது. அதனால சமையல் என் தலையில. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு தெரிஞ்சது நூடுல்ஸும் ஆம்லெட்டும்தான்.

மொத தடவை ஏதோ வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு இறங்கினேன், பதினஞ்சு டப்பாவ வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க பாருங்க, அந்த மாதிரி. உருளைக்கிழங்கு போட்ட சாம்பார், கோஸ் பொரியல், தயிர் சாதம்னு எல்லாத்தையும் அடைச்சு உள்ள தள்ளிட்டேன். செவ்வாக்கிழமை எடுத்தா உருளை ஸ்பாஞ்சு மாதிரி, கடிச்சா தண்ணி வருது. கோஸ் நனைஞ்ச பேப்பர். தயிர் சாதத்துல தயிர் தனியா தண்ணி தனியா. காய்க்குள்ள இருக்கற தண்ணி உறையும்போது ஐஸ் ஊசி மாதிரி ஆகி செல்லையெல்லாம் கிழிச்சுடும், அப்புறம் உருகும்போது தண்ணி வெளிய வந்து காய் தொளதொளன்னு ஆயிடும். வெளிநாட்டு சூப்பு, இறைச்சி ஸ்ட்யூக்கெல்லாம் இது பெருசா தெரியாது. பொரியலுக்கு தெரியும்.

அப்போ ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தாங்க, கோவில்பட்டி. ஒரு வாய் வச்சுட்டு, "ஏன்டா, மாட்டுக்கு வைக்க வேண்டியத மனுசனுக்கு வைக்கற" ன்னாங்க. அதோட நிக்காம, "தாளிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் செஞ்சு வச்சுக்க, தாளிப்ப மட்டும் அன்னன்னிக்கு போடு, பழசுன்னு எவனுக்கும் தெரியாது" ன்னு சொன்னாங்க. இப்போ என் மொத்த சிஸ்டமும் அந்த ஒத்த வரிதான்.

ஞாயித்துக்கிழமை என்ன பண்றேன்னா, ஒன்றரை கிலோ பெரிய வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் தாராளமாவே எண்ணெய். வெங்காயத்த நல்லா செவக்க விட்டு, தக்காளி போட்டு, எண்ணெய் பிரியற வரைக்கும் வதக்கணும், அவசரமே படக்கூடாது, முக்கால் மணி நேரம் ஆகும். மசாலா தூள் எதுவும் போடாதீங்க, உப்பும் மஞ்சளும் போதும். ஆறினதும் ஜிப் கவர்ல போட்டு தட்டையா பரப்பி, ஸ்கேலால அழுத்தி ஆறு கட்டமா கோடு போட்டு ஃப்ரீசர்ல படுக்க வச்சிடுவேன். தட்டையா இருந்தா சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும், வேணுங்கற கட்டத்த மட்டும் சாக்லேட் மாதிரி ஒடச்சு எடுத்துக்கலாம். ஒரு கட்டத்துல கரம் மசாலா போட்டு கடலை சேத்தா சன்னா, தேங்கா விழுது ஊத்தினா குருமா, குழம்பு மிளகாத்தூளும் புளித்தண்ணியும் விட்டா முட்டைக் குழம்பு, சிக்கன்னா சிக்கன். ஒரே வதக்கல்னு பசங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்தது கொண்டக்கடலை. ராத்திரி அரை கிலோ ஊறவச்சு காலைல குக்கர்ல வேகவச்சு, வெந்த தண்ணியோட நாலு டப்பாவா பிரிச்சு வைங்க. ஃப்ரீசருக்குன்னே பொறந்த பொருள் அது. ராஜ்மா, தட்டப்பயறு, வேகவச்ச துவரம்பருப்பு எல்லாமே தாங்கும். சாம்பார் வேணும்னா பருப்புக் கட்டிய மட்டும் எடுத்து, காய புதுசா வேகவச்சு சேத்துக்கங்க, இருபது நிமிஷ வேலை.

தேங்காய் மூணு நாலு துருவி வச்சா ஒரு மாசத்துக்கு கவலை இல்ல. ஆனா ஃப்ரீசர்லேர்ந்து எடுத்ததும் மிக்ஸில போடாதீங்க, விழுது மையா அரையாது, கொழுப்பு திரண்டு பிளேடு மேலயும் மூடிலயும் ஒட்டிக்கும். வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க.

இட்லி மாவு பத்தி நிறைய பேரு கேக்கறாங்க. மாவ ஃப்ரீசர்ல வச்சா எங்க வீட்ல இட்லி கல்லாத்தான் வந்துச்சு, அது ஃப்ரிட்ஜோட நிக்கட்டும். ரெண்டு டப்பாவா பிரிச்சு வச்சு ஒண்ண தொடாம விட்டுட்டா கடைசி டப்பா சீக்கிரம் புளிக்காது. ஆனா வெந்த இட்லிய தாராளமா ஃப்ரீஸ் பண்ணலாம், உருக வைக்காம அப்படியே இட்லித் தட்டுல வச்சு ஏழெட்டு நிமிஷம் ஆவி காட்டினா அப்ப எடுத்த மாதிரி இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு இத விட வேற என்ன வேணும். சப்பாத்திய ரெண்டு பக்கமும் அரை வேக்காடு போட்டு, நடுவுல பட்டர் பேப்பர் வச்சு அடுக்கிடுங்க.

வேகவச்ச முட்டைய வச்சிடாதீங்க, வெள்ளைக்கரு ரப்பர். மத்திச் சாளைய பச்சையா ரொம்ப நாள் வச்சாலும் வாடை வந்துடும், அதுல கொழுப்பு ஜாஸ்தி. புளிக்காய்ச்சலுக்கு ஃப்ரீசரே வேண்டாம், எண்ணெய் மேல மிதக்கற மாதிரி இருந்து ஈர ஸ்பூன் போடாம இருந்தா ஃப்ரிட்ஜ்லயே வாரக்கணக்குல கிடக்கும்.

சோறு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. வடிச்ச சோத்த மத்தியானம் பூரா மேடைலயே வச்சுட்டு சாயங்காலம் ஃப்ரிட்ஜ்ல தள்றது தப்பு. அரிசில இருக்கற ஒரு பாக்டீரியாவோட வித்து கொதிச்சாலும் சாகாது, சோறு வெளிய கிடந்தா அது பெருகி விஷத்த கக்கும், அப்புறம் எவ்ளோ சூடு பண்ணாலும் அந்த விஷம் போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும், பெரிய பாத்திரத்துல சூடா வைக்காம தட்டுல பரப்பி ஆறவிட்டு வைங்க. பழைய சோறு என்னாச்சுன்னு அம்மா சண்டைக்கு வந்தாங்க, அது தண்ணி ஊத்தி புளிக்க வைக்கறது, வேற கணக்கு. குழம்பு, கறி எல்லாத்துக்கும் இதே ரெண்டு மணி நேரந்தான். உருக வைக்கறத மொத நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுக்கு மாத்திடுங்க, மேடைல விட வேண்டாம்.

அப்புறம் டப்பா மேல மாஸ்கிங் டேப் ஒட்டி பேரும் தேதியும் எழுதுங்க. உறைஞ்சப்புறம் எல்லாம் ஒரே வெள்ளைக்கட்டிதான். தேங்கா விழுதுன்னு நினைச்சு பூண்டு விழுத முழுசா குருமால போட்டவன் சொல்றேன், ரெண்டு நாள் வீடு பூரா மணந்துச்சு. குழம்பு மாதிரி தண்ணியா இருக்கறத விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, உறையும்போது விரியும், என்கிட்ட ஒரு கண்ணாடி பாட்டில் வெடிச்சே போச்சு.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜா உங்களுது? அப்போ நான் சொன்ன மாசக்கணக்கெல்லாம் மறந்துடுங்க. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரில இருக்கணும், அந்த சின்னப் பெட்டி பெரும்பாலும் அவ்ளோ இறங்காது. ஒரு ஐஸ்கிரீம் வச்சுப் பாருங்க, கல்லு மாதிரி நின்னா சரி, ஸ்பூன் ஈசியா இறங்கினா ஒரு வாரத்துக்கு மேல எதையும் வைக்காதீங்க.

கடைசியா கரண்ட். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பள்ளிக்கரணை பக்கம் நாங்க மூணு நாள் இருட்டுல இருந்தோம், தெருவுல தண்ணி, நான் பைத்தியக்காரன் மாதிரி மணிக்கொரு தடவை ஃப்ரீசர தொறந்து தொறந்து பாத்தேன். அதுதான் செய்யவே கூடாதது. தொறக்காம இருந்தா நெறஞ்ச ஃப்ரீசர் கிட்டத்தட்ட 48 மணி நேரம் தாங்கும், பாதி காலின்னா 24. ரெண்டு கிலோ சிக்கன், பருப்பு, வதக்கல்னு எல்லாத்தையும் குப்பைல கொட்டினோம், அன்னிக்கு வீட்டுக்காரம்மா முகத்த பாக்கணுமே. இப்போ காலி இடத்துல தண்ணி பாட்டில் வச்சு அடைச்சிருக்கேன். ஒரு டம்ளர்ல ஐஸ் உறைய வச்சு அதுக்கு மேல ஒரு ரூபா காசு ஒண்ணும் போட்டு வச்சிருக்கேன். ஊருக்குப் போயிட்டு வந்தா மொத வேலை அதப் பாக்கறது. காசு மேலயே இருந்தா பிரச்சனை இல்ல, அடில போய் உறைஞ்சிருந்தா நாம இல்லாதப்போ எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க.

இத்தனையும் ஒரே ஞாயித்துக்கிழமைல ஆரம்பிக்காதீங்க, இடுப்பு ஒடிஞ்சிடும். இந்த வாரம் தேங்காயும் கடலையும் மட்டும், வதக்கல் அடுத்த வாரம் பாத்துக்கலாம்.